சிவப்பைக் காணாத டின்

திருகோணமலை டச்பே கடற்கரையில் காலை 9.30 மணிக்கு, ஊசித்துளைக் கமராவாக்கிய ஒரு பால்மா டின்னை மணலில் வைத்து, அதன் துளையை மூடிய கறுப்பு ரேப்பை உரித்து, 40 செக்கன் எண்ணி, மறுபடி ஒட்டினால் ஒரு படம் கிடைக்கும். அதே டின்னை அதே இடத்தில் மாலை 5.30க்கு வைத்து அதே 40 செக்கன் எண்ணினால், தாள் ஏறக்குறைய வெறும் வெள்ளையாக வரும், ஒளி பட்ட இடம்தான் தாளில் கறுக்கும். கண்ணுக்கு இரண்டுமே நல்ல வெளிச்சம்தான். தாளுக்கு அப்படியில்லை. கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாள் காண்பது நீலத்தையும், வகையைப் பொறுத்து அதை அடுத்த பச்சையையும்தான். மஞ்சளும் செம்மஞ்சளுமாகச் சரியும் மாலை வெயில் நமக்கு அழகு. தாளுக்கு அது அந்தி.

ஊசித்துளைக் கமராவைத் தொடங்குகிறவர் முதலில் மனதில் ஏற்ற வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. கோயில் மதிலின் காவிப் பட்டை, நிறம் புரட்டிய படத்தில் கரியாக விழும், வெள்ளைப் பட்டை சுட்டெரிக்கும். நீலக் கடலும் நீல வானமும் ஒரே வெளிறலாகி அடிவானக் கோடு காணாமல் போகும். கமரா பழுது என்று டின்னைத் தூக்கி எறிகிறவர்கள் பலர் உண்மையில் தாளின் கண்ணைத்தான் பழிக்கிறார்கள். இது பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகளோ பெரும்பாலும் பள்ளி விஞ்ஞானப் பாடத்தோடு நின்றுவிடுகின்றன: பெட்டி, துளை, எண்ணெய்த்தாள், தலைகீழாக நிற்கும் மெழுகுதிரி. தாளில் படம் நிற்கும் வரை போவோம்.

டின்னில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 10 செ.மீ. அளவு விட்டமுள்ள பால்மா டின் போதும். உள் உயரம் 13 செ.மீ. இருந்தால் 5×7 அங்குலத் தாளை வெட்டாமலே உள்ளே வளைத்து நிறுத்தலாம். தாளின் 17.8 செ.மீ. நீளம் உள்சுவரில் பாதிக்கும் சற்று அதிகமாகச் சுற்றி, தன் விறைப்பாலேயே ஒட்டி நிற்கும். பசை வேண்டாம். துளை அதற்கு நேரெதிரே வரும். இந்த வளைவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தட்டையான பெட்டியில் படத்தின் ஓரங்கள் இருண்டு போகும். ஆனால் உருளையில் ஓரத்துத் தாள் துளைக்குக் கிட்ட வருவதால், சரிவாக வருவதில் குறையும் ஒளி தூரம் குறைவதில் திரும்பக் கிடைத்துவிடுகிறது. படுக்கைவாக்கில் 100 பாகைக்கு மேல் விரியும் காட்சி ஒரே சீராகப் பதியும். டின் நேராக நிற்கும் வரை அடிவானம் நேராகவே இருக்கும். சற்றுச் சாய்ந்தாலும் அது வில்லாக வளையும். துளையின் மட்டத்துக்கு மேலே உள்ள கூரை விளிம்பும் மதில் தலையும் எப்படியும் வளையும்.

உள்பக்கம் முழுவதும், மூடியின் உள்பக்கம் உட்பட, பளபளப்பில்லாத கறுப்பு அடிக்க வேண்டும். ஹாட்வெயார் கடையில் கரும்பலகைப் பெயின்ற் என்று கேளுங்கள். வெளியே கறுப்பு வேண்டாம். எங்கள் வெயிலில் டின் சூடேறினால் ரேப்பின் பசை இளகி வழுக்கும். மூடி பிளாஸ்டிக் என்றால் அது ஒளியை உள்ளே விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத் தாளை உள்ளே ஒட்டி, வெளியே இரண்டு சுற்று கறுப்பு இன்சுலேஷன் ரேப் சுற்றினால் சரி.

துளை வேறு கதை. படத்தின் தெளிவு முழுக்க இதில்தான் இருக்கிறது. பெரிய துளை படத்தைக் கலைக்கும். மிகச் சிறிய துளையும் கலைக்கும், ஏனென்றால் ஒளி விளிம்பில் பட்டு விரியும் கோணல் அங்கே மேலோங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு உண்டு. துளைக்கும் தாளுக்கும் இடையே உள்ள தூரத்தை மி.மீ. இல் எடுத்து 0.00055 ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9 ஆல் பெருக்கினால் விட்டம் மி.மீ. இல் வரும். பௌதிகவியலாளர் ராலே பிரபுவின் பெயரால் வழங்கும் கணக்கு இது. 100 மி.மீ. டின்னுக்கு 0.45 மி.மீ., 75 மி.மீ. பெட்டிக்கு 0.39, 50க்கு 0.32.

தகரத்தில் நேராகத் துளைக்காதீர்கள். தகரத்தின் தடிப்பு சரிவாக வரும் ஒளியைத் தடுத்து ஓரங்களைத் தின்றுவிடும். டின்னின் நடு உயரத்தில் ஆணியால் 8 மி.மீ. அளவுக்கு ஒரு வாசல் திறந்து, அதன் பின்னால் ஒட்டுவதற்குச் சோடா டின்னிலிருந்து 2 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். அதன் தடிப்பு 0.1 மி.மீ. அளவுதான். அதைத் தடித்த கார்ட்போர்ட் மேல் வைத்து, 10ஆம் இலக்கத் தையல் ஊசியின் முனையை நடுவில் வைத்து லேசாக அமுக்குங்கள். துளைக்க வேண்டாம், மறுபக்கத்தில் ஒரு பொட்டுப் புடைத்தால் போதும். அந்தப் பொட்டை 800 அல்லது 1000 இலக்க அரத்தாளால் வட்டமாகத் தேயுங்கள். உலோகம் மெலிந்து ஓர் இமைப்பு ஒளி தெரியத் தொடங்கும். இப்போது ஊசியை அந்தப் பக்கமிருந்து, விரல் நுனிகளால் உருட்டியபடி, அதன் முழுத்தடிப்பும் போகும்வரை மெல்ல இறக்குங்கள். 10ஆம் இலக்க ஊசியின் தண்டு ஏறத்தாழ 0.46 மி.மீ., எங்களுக்கு வேண்டிய அளவு அதுவே. திரும்ப ஒருமுறை அரத்தாள், திரும்ப ஒருமுறை ஊசியைச் சுழற்றிப் பிசிறு எடுத்தல்.

பார்த்து அளக்கவும் வழி உண்டு. பக்கத்துக் கொமினிகேஷன் கடையில் அந்தத் தகட்டை ஸ்கானரில் வைத்து 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) எடுக்கச் சொல்லுங்கள். துளை குறுக்கே 42, 43 புள்ளி அகலம் இருந்தால் 0.45 மி.மீ. திரையில் பெருப்பித்துப் பார்க்கும்போது விளிம்பில் மயிர் போல ஏதாவது தொங்கினால், அது ஒவ்வொரு படத்திலும் கலங்கலாக வரும். புதிதாக ஒன்று செய்யுங்கள். ஒரு சோடா டின்னில் இருபது தகடு வெட்டலாம், ஆறு ஏழு துளைத்து நல்லதைத் தெரிவது நேர விரயமல்ல. தகட்டின் உள்முகத்தைக் கறுப்பு மார்க்கரால் பூசி, துளையில் மை அடைக்காமல் பார்த்து ஒட்டுங்கள். வெளியே துளையை மூடும் ரேப்புத் துண்டின் ஒரு நுனியை மடித்துப் பிடி விட்டால், உரிக்கும்போது டின் அசையாது.

தாள் திருகோணமலைக் கடைகளில் தேடிக் கிடைக்கிற சாமான் அல்ல. வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லி எடுப்பது வழக்கமான வழி. வேண்டியது கறுப்பு வெள்ளை, ஆர்சி என்ற பிளாஸ்டிக் பூசிய வகை. இல்ஃபோர்ட் மல்ரிகிரேட் நம்பகமானது. விமான நிலைய எக்ஸ்றே இவ்வளவு மந்தமான தாளை ஒன்றும் செய்யாது. பெட்டியைத் திறந்து பார்க்கும் கைதான் ஆபத்து, ஆகவே மேலே பெரிய எழுத்தில் ‘இருட்டறையில் மட்டும் திறக்கவும்’ என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஸ்ரூடியோக்காரர் தரும் கலர்த் தாள் இதற்கு உதவாது, சிவப்பு வெளிச்சத்திலேயே அது கெட்டுவிடும், கழுவும் இரசாயனமும் வேறு. வந்த தாளைக் குளிரூட்டியில் வைத்திருக்கலாம். எடுத்த உடனே பொதியைத் திறந்தால் இந்த ஈரக்காற்றில் தாள் வியர்க்கும், சில மணிநேரம் வெளியே வைத்து விட்டுத் திறவுங்கள்.

இருட்டறைக்குக் குளியலறை போதும், இரவென்றால் இன்னும் நல்லது. கதவின் கீழ் இடுக்கில் துவாய், யன்னலில் மடித்த சாரம். உள்ளே நின்று ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்கிய பிறகும் எங்காவது கோடாக வெளிச்சம் தெரிந்தால் அதையும் அடையுங்கள். சிவப்பைத் தாள் காணாது என்பதால் சிவப்பு மின்குமிழின் கீழ் வேலை செய்யலாம். ஆனால் வெள்ளை மின்குமிழுக்கு வெசாக் கூடு ஒட்டும் சிவப்புத் தாளைச் சுற்றுவது சரிவராது, அதற்குள்ளால் நீலமும் கசியும். சைக்கிளின் பின்பக்கச் சிவப்பு எல்ஈடி விளக்குத்தான் மலிவும் நல்லதும். சோதிக்க, ஒரு துண்டுத் தாளின் மேல் ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து, அந்த விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிப் பாருங்கள். குற்றியின் வட்டம் வெள்ளையாகத் தெரிந்தால் விளக்கு துரோகம் செய்கிறது என்று அர்த்தம்.

தாளை ஏற்றும்போது மருந்து பூசிய முகம் துளையைப் பார்க்க வேண்டும். சிவப்பு வெளிச்சத்தில் அது சற்று மினுங்கும். சந்தேகமென்றால் ஈர விரலால் மூலையைத் தொடுங்கள், ஒட்டுகிற பக்கம் அதுதான்.

இனி நேரம். நமது டின்னின் 100 மி.மீ. தூரத்தை 0.45 ஆல் வகுத்தால் எஃப் எண் 222, இந்த எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மெல்ல ஒளி சேரும். தாள் ஒளியை உணரும் வேகத்தை ஐஎஸ்ஓ அளவில் 3க்கும் 6க்கும் இடையில் வைத்தால், உச்சி வெயிலில் 32 முதல் 64 செக்கன் வரை கணக்கு வரும். காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில், நிழல் கூர்மையாக விழும் வெயிலில் 40 செக்கனில் தொடங்கலாம். மெல்லிய மேகம் என்றால் 2 நிமிடம். மர நிழலிலோ, மாரி காலத்து மூட்டத்திலோ 5 முதல் 8 நிமிடம். முதல் நாளில் ஒரே இடத்தை 20, 40, 80 செக்கன் என்று மூன்று முறை எடுங்கள். 30, 40, 50 என்று எடுத்தால் வித்தியாசம் தெரியாது, தாளுக்கு இரட்டிப்புத்தான் ஒரு படி. அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, டின்னின் அடியில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையும் கறுப்புமாக வெட்டி வைத்தது போன்ற படம் இந்தத் தாளின் குறை. மல்ரிகிரேட் தாளில் நீல ஒளி கடும் வேறுபாட்டையும் பச்சை ஒளி மென்மையையும் தருகிறது, நமது கடற்கரையிலோ நீலம் நிறைந்து கொட்டுகிறது. மருந்து: துளைக்கு முன்னால் மஞ்சள் நிறக் கண்ணாடித் தாள் ஒன்றை ஒட்டி, நேரத்தை மூன்று நான்கு மடங்காக்குங்கள். அடிவானக் கோடு திரும்பி வரும்.

கழுவுவதற்கு, படத்தை வெளிக்கொணரும் கடைச்சரக்கு டெவலப்பர் இருந்தால் அதுவே எளிது. இல்ஃபோர்ட் மல்ரிகிரேட் டெவலப்பரை 1க்கு 9 தண்ணீர் கலந்தால் 20 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம். ஆனால் 20 பாகை என்பது இங்கிலாந்துக் குழாய்த் தண்ணீரின் கனவு. எங்கள் கூரைத் தாங்கியின் தண்ணீர் மதியத்தில் கையைச் சுடும். அந்தச் சூட்டில் படம் பாய்ந்து வந்து கறுத்துவிடும், ஒழுங்கற்றும் வரும். 1க்கு 14 ஆக ஐதாக்குங்கள், இரவில் வேலை செய்யுங்கள், டெவலப்பர்த் தட்டை ஒரு பெரிய பேசினில் வைத்துப் பக்கத்தில் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலை மிதக்க விடுங்கள். 24 பாகைக்கு இறங்கினாலே தாராளம்.

கடைச்சரக்கு இல்லாவிட்டால் கோப்பி இருக்கிறது. உலகெங்கும் கஃபெனோல் என்று வழங்கும் முறை இது. கோப்பியில் உள்ள பீனோல் வகைச் சேர்வைகளும் விற்றமின் சியும் காரக் கரைசலில் சேர்ந்து, தாளின் மருந்திலுள்ள, ஒளிபட்ட வெள்ளி ஏலைட்டு உப்பை வெள்ளியாக்கும். அரை லீற்றருக்கு 27 கிராம் நீரற்ற சோடியம் காபனேற்று, 8 கிராம் விற்றமின் சி, 20 கிராம் இன்ஸ்ரன்ற் கோப்பி. பளிங்காக இருக்கும் சலவைச் சோடா கிடைத்தால் அதில் நீர் சேர்ந்திருப்பதால் 73 கிராம் எடுக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் 43 கிராம் அப்பச்சோடாவை இரும்புத் தாச்சியில் வறுங்கள். அது முதலில் தண்ணீர் கொதிப்பது போலக் குமிழியிட்டு அலையும், நீராவியும் காபனீரொட்சைட்டும் வெளியேறுகிற அசைவு அது. அசைவு அடங்கி, நிறை 27 கிராமுக்கு இறங்கியதும் சோடியம் காபனேற்றுத் தயார். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காரம் அதை அரிக்கும். வெறும் கையாலும் அளைய வேண்டாம்.

விற்றமின் சிக்குப் பாமசியில் 500 மில்லிகிராம் குளிசை 16 வாங்கி இடித்துக் கரைத்து, துணியில் வடியுங்கள். தண்ணீரில் பொங்கிக் கரையும் வகையை வாங்காதீர்கள், அதிலுள்ள சித்திரிக்கமிலம் காரத்தைத் தின்றுவிடும். கோப்பி, பாலும் சீனியும் சேராத தனி இன்ஸ்ரன்ற் கோப்பியாக இருக்கட்டும், மலிவானதே நல்லது. மல்லியும் இஞ்சியும் சேர்த்து இடித்த வீட்டுக் கோப்பித்தூளைக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சோடாவைப் போட்டால் வெள்ளையாகத் திரையும், ஆகவே போத்தல் தண்ணீர் நல்லது. முதலில் சோடாவைக் கரைத்து ஆறவிட்டு, பிறகு விற்றமின், கடைசியில் கோப்பி. விற்றமின் போடும்போது நுரைத்துப் பொங்கினால் சோடா சரியாக வறுபடவில்லை. பத்து நிமிடம் அடங்க விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பாவியுங்கள். மணம் கோப்பி மணம் அல்ல, யன்னல் திறக்க முடியாத அறையில் அதைச் சகிக்கத்தான் வேண்டும்.

தாளை ஒரே மூச்சில் அமிழ்த்தி, தட்டின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கி அலையவிடுங்கள். 24 பாகையில் கோப்பிக்கு 3, 4 நிமிடம். முதல் அரை நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு வானம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் படர்ந்து, கறுத்து, அதன் நடுவே தென்னோலைகள் வெள்ளை வெள்ளையாகப் பிரியும். கறுக்கிறதே என்று அவசரப்பட்டு வெளியே எடுப்பது எல்லோரும் செய்யும் பிழை. பத்தே செக்கனில் முழுத்தாளும் கறுத்தால் ஒளி கூடிவிட்டது, அடுத்த படத்தில் நேரத்தைக் குறையுங்கள். தட்டிலிருந்து பாதியில் இழுத்தால் கிடைப்பது திட்டுத் திட்டான படமே.

அடுத்தது, டெவலப்பரின் வேலையை நிறுத்த, ஒரு பங்கு வினாகிரிக்கு நான்கு பங்கு தண்ணீரில் அரை நிமிடம், பின் நல்ல தண்ணீரில் ஓர் அலசல், பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேற்று, லீற்றருக்கு 200 கிராம். அலங்கார மீன் விற்கும் கடைகளில் குளோரின் நீக்கியாகக் கற்கண்டு போன்ற பளிங்கு விற்பார்கள், சிட்டையில் இந்தப் பெயர் இருந்தால் அதுவேதான். வினாகிரிக்கும் ஹைப்போவுக்கும் இடையிலுள்ள அலசலைத் தவற விட்டால் அமிலம் ஹைப்போவை உடைத்துக் கந்தகத்தைப் படியவிடும், கரைசல் பால் போலக் கலங்கும். உயர்தர இரசாயனவியல் படித்தவர்களுக்கு, முகவையின் கீழ் வரைந்த புள்ளடி மெல்ல மறையும் அந்தப் பரிசோதனை ஞாபகம் வரும். ஹைப்போவில் 8 நிமிடம் கடந்தபின் வெள்ளை விளக்கைப் போடலாம். ஐந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, கொடியில் உடுப்புக் கிளிப்பால் தொங்கவிடுங்கள். தீர்ந்த ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது. எங்கள் மணல் நிலத்தில் கொட்டியது கிணற்றுக்குத்தான் போகும். இரும்பு நார் ஒன்றைப் போட்டுச் சில நாள் வைத்தால் வெள்ளி அடியில் கறுப்புச் சேறாகப் படியும், சேற்றைப் பிரித்தெடுத்து வையுங்கள்.

பழுதுகளைத் தாளே சொல்லும். ஓரத்திலிருந்து புகைபோலக் கறுப்பு நீண்டிருந்தால் மூடியில் ஒழுக்கு. துளையை மூடியபடி பத்து நிமிடம் வெயிலில் வைத்த தாளைக் கழுவினால் அந்த இடம் அப்படியே தெரியும். தாள் முழுவதும் சீரான சாம்பலென்றால் விளக்கோ பழைய தாளோ காரணம். எல்லாக் கோடும் இரட்டையாக இருந்தால் டின் அசைந்திருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் டின்னின் தலையில் ஒரு கல் வைக்காமல் படம் எடுக்க முடியாது.

வருவது நெகற்றிவ். போனில் படம் பிடித்து நிறத்தைப் புரட்டினால் முடிந்தது. ஆனால் ஒருமுறையாவது கையால் அச்சிடுங்கள்: புதிய தாளின் மேல் நெகற்றிவை முகத்தோடு முகம் வைத்து, மேலே கண்ணாடி அமர்த்தி, ஒரு மீற்றர் உயரத்திலிருந்து ரோச் வெளிச்சத்தை ஒவ்வொரு செக்கனாக, மட்டையை நகர்த்தி நகர்த்தி விட்டுப் பார்த்தால் சரியான நேரம் அகப்படும்.

நாற்பது செக்கனில் அலைகள் பனியாகும், நடந்து போகிறவர்கள் மறைவார்கள். கரையேற்றிய வள்ளம் கூர்மையாக நிற்கும், நங்கூரமிட்டது பேயுருவாகும். பிரட்றிக் கோட்டைக்குள் மேயும் மான்களில் படுத்துக் கிடப்பது மட்டும் பதியும். டின்னை மணலிலேயே வையுங்கள்: துளைக்கு ஒரு சாண் தூரத்துச் சிப்பியும் தொலைவில் சுவாமி மலையும் ஏறக்குறைய ஒரே அளவு தெளிவாக விழுவதை எந்த வில்லையும் இவ்வளவு இலகுவில் தராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகத்தில் கடற்படைத்தளம் இருக்கிறது. கறுப்பு ரேப் சுற்றிய டின்னைப் பொது இடத்தில் வைத்துவிட்டு விலகிப் போகக்கூடாது. கேட்கிறவருக்குத் திறந்து காட்ட, கழுவிய படம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

மாதக்கணக்கில் துளையைத் திறந்து விட்டு, சூரியன் நாள்தோறும் போகும் வழியைக் கோடாகப் பதிக்கும் சூரியத்தடப் படத்துக்குச் சொந்தக் கூரையே இடம். 330 மில்லிலீற்றர் சோடா டின், 0.35 மி.மீ. துளை, கிழக்குப் பார்வை, டிசெம்பர் 21 முதல் ஜூன் 21 வரை. நாம் 8.5 பாகை வடக்கில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழும். ஐரோப்பியப் படங்களின் வில்வளைவுகள் இங்கே வராது, கடலிலிருந்து கிளம்பும் சற்றுச் சாய்ந்த கம்பிகள் வரும், முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் இடையில் 47 பாகை. மழை புகாதபடி துளைக்கு மேலே சிறு இறவாணம் போலத் தகரம் மடித்து விடுங்கள். இறக்கிய தாளைக் கழுவவோ ஹைப்போவில் போடவோ வேண்டாம், படம் வெளிறிவிடும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்து, ஸ்கானரின் அமைப்புகளை வேறொரு தாளில் சரிபார்த்த பின், 600 டிபிஐ கலரில் ஒரே தடவையில் எடுத்து முடியுங்கள், ஸ்கானரின் வெளிச்சமும் அந்தத் தாளைக் கறுப்பிக்கும்.